பேர் எழுதாத விண்ணப்பங்கள்

பெர்சிஸ் மூன்றாவது பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஐயரிடமிருந்து போன் வந்தது.

வேதமுத்துவைக் குளிப்பாட்டிக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளை முழுக்கைச் சட்டை, போன கிறிஸ்மஸுக்கு மகள் எடுத்துக் கொடுத்தது. உயிரோடு இருக்கையில் கழுத்துப் பித்தானைப் போட விடமாட்டார், மூச்சு முட்டுது என்பார். இப்போது போடலாமா, வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் மகள் ஜெசி போனைக் கொண்டுவந்து அம்மாவின் காதில் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. இவர் பக்கத்துச் சேகரத்து ஐயர்; சேகரம் என்பது ஒரு ஐயரின் பொறுப்பில் இருக்கிற சபை. ஜெபஞானபுரத்துக்குச் சொந்தமாக ஐயர் இல்லாமல் பதினாலு மாதம் ஆகிறது.

"பெர்சிஸ்மா, கர்த்தர் ஒங்களத் தேத்துவாரு. நாலு மணிக்கு வந்து அடக்கம் பண்ணித் தாரேன். ஆனா ஒண்ணு."

அந்த ஒன்று என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு தரப்பும் ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டுத் தரணும். கலாட்டா ஒண்ணும் வராதுன்னு. தனித்தனித் தாள் வேண்டாம். போன தடவ அப்படி வாங்கிட்டு நான் பட்டது போதும். ரெண்டு மணிக்குள்ள போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பச் சொல்லுங்க."

"அனுப்பலன்னா ஐயா?"

"ஒங்க தெருக்காரங்க யாரையாவது வச்சு ஜெபிச்சு எடுத்துருங்கம்மா. நான் என்ன செய்ய?"

மணி பதினொன்றே கால். பெர்சிஸ் கழுத்துப் பித்தானைப் போடாமல் விட்டுவிட்டுக் காலரை மட்டும் நீவிச் சரிசெய்தாள்.

ஒரு தெருக்காரர் ஜெபித்தால் மற்றத் தெரு வராது. அதுதான் சங்கதி. பதினாலு மாதத்தில் ஊரில் நாலு சாவு. நாலையும் பாதி ஊர்தான் அடக்கம் பண்ணியது. மற்றப் பாதி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. ஒரு சாவில் பெட்டி தூக்க ஆறு பேர் தேறவில்லை. வாழைத்தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தவர்கள் பாவம் பார்த்துத் தோள் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த வேதமுத்து சாப்பிடவில்லை. "எனக்கும் இப்படித்தான் ஆவும் போல" என்றார். அதற்கு அவள், "ஒங்களுக்கு அதுவும் கிடையாது. ரெண்டு தெருவும் கதவ அடைச்சிரும்" என்று சொன்னாள். எரிச்சலில் சொன்னதுதான். இப்போது அது அவளுக்கே திரும்பிக் கேட்டது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன். சேகரக் கமிட்டித் தேர்தலில்தான் ஆரம்பம். கோயிலுக்குள்ளேயே வாய்ச்சண்டை, பிறகு நாற்காலி வீச்சு. கீழத்தெருவுக்குத் தலைமை ரிச்சர்ட், பெர்சிஸின் கூடப்பிறந்த தம்பி. மேலத்தெருவுக்கு ஜெபராணி டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள், வயது அறுபத்தேழு. டீச்சர் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலிலேயே நின்று ரிச்சர்ட் அவர்களைப் பார்த்து "வெளிய போ" என்று கையை நீட்டினான். மறுநாள் டீச்சர் கொடுத்த புகாரில் ரிச்சர்ட் ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இந்த இரண்டையும் இரண்டு பேரும் மறக்கவில்லை. அதிகாரிகள் வந்து கோயிலைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். வழக்கு நடக்கிறது. மேலத்தெருவுக்குப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் எட்டு மணி ஆராதனை. கீழத்தெருவுக்கு அரிசி மில்லுக் கொட்டகையில் பத்து மணி.

வேதமுத்து இரண்டுக்கும் போனார்.

எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்காருவார். பத்து மணிக்கு மில். அங்கே உமிக்குவியல் ஓரமாக ஒரு சாக்கு. இரண்டு இடத்திலும் அவரை வேவு பார்க்க வந்தவர் என்றுதான் நினைத்தார்கள். "ரெண்டு கோயில் வேதமுத்து வந்துட்டாருவே, வாய மூடு" என்பார்கள், அவர் காதில் விழும்படியே. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவர்; வசவு கேட்டுப் பழக்கம். சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிடுவார். சில ஞாயிறு பெர்சிஸும் கூடப் போனாள். "ரெண்டு வீட்டு விருந்தாளிக்கு ரெண்டு எடத்துலயும் எல கிடையாது" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள்.

ஆனால் அவர் சும்மா போகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு தெருவிலும் ஒரு நடை நடப்பார். யாருக்குச் சுகமில்லை, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டு வந்து, நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் எழுதுவார். பேர் எழுதமாட்டார். ஒரு சகோதரி, ஒரு குடும்பம், ஒரு வாலிபன், அவ்வளவுதான். ஜெப நேரத்தில் எழுந்து வாசிப்பார், சபை ஜெபிக்கும். அதில் அவர் செய்த காரியம் என்னவென்றால், மேலத்தெருக் கஷ்டத்தை மில்லில் வாசித்தார். கீழத்தெருக் கஷ்டத்தைப் பள்ளிக்கூடத்தில் வாசித்தார். கேட்டவர்கள் தங்கள் தெருவில் யாரோ என்று நினைத்துக்கொண்டு உருகி உருகி ஜெபித்தார்கள். பெர்சிஸுக்கு மட்டும் தெரியும்.

"இது ஏமாத்து இல்லையா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நான் பொய் ஒண்ணும் வாசிக்கலையே" என்றார் அவர்.

நேற்று வெள்ளிக்கிழமை. நடை முடித்து ஆறரைக்கு வந்தார். எழுதி முடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வெந்நி கொஞ்சம் தா, நெஞ்சு கரிக்கி" என்றார். அவள் வெந்நீரோடு வருவதற்குள் நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவெல்லாம் நேரமே இல்லை. இவ்வளவுதான் அவர் சாவு.

முற்றத்தில் தகரப் பந்தலுக்கு வலதுபக்கம் மில்லுக்காரர்கள், இடதுபக்கம் பள்ளிக்கூடத்துக்காரர்கள். சாவு கேட்டதும் முகம் பார்க்க இரண்டு பக்கமும் வந்துவிட்டது. பார்த்துவிட்டுப் போவது வேறு, அடக்கத்தில் நிற்பது வேறு. நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டு விஜயஸ்ரீ தட்டை ஏந்திக்கொண்டு இரண்டு பக்கமும் கடுங்காப்பி கொடுத்தாள்.

ஜெசிதான் தாளை எழுதினாள். நல்லடக்கம் சமாதானமாக நடக்கும் என்று மூன்று வரி. முதலில் மாமாவிடம் கொண்டுபோனாள்.

ரிச்சர்ட் தாளை வாசித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டான். "அவிய போடட்டும்ட்டி. போட்ட பொறவு நான் பாக்கேன்."

"மாமா, பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல. மூணு வரி."

"ஸ்டேஷன்லயும் மூணு வரிதாம்மா எழுதிக் குடுத்தாவ. அதுக்கு நான் ஒரு நாள் பெஞ்சுல இருந்தேன்."

தாளை வாங்கிக்கொண்டு ஜெசி இடைவெளியைக் கடந்தாள். டீச்சர் தாளைத் தொடவே இல்லை. மடியில் குடையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருக்கும் முன்னால போயி எனக்குப் பழக்கம் கெடையாது, ஜெசி. பின்னால போயும் பழக்கம் கெடையாது. அந்த ஆளு பேரு மேல இருந்தா அதுக்குக் கீழ நான் போடமாட்டேன். நான் மேல போட்டா அவன் போடமாட்டான். ஒங்க அப்பாவுக்காக வந்தேன். வீட்டுல இருந்தே ஜெபம் பண்ணிக்கிடுதேன்."

"நெட்டுக்குத்தா போட்டா பிரச்சினைதான். பக்கவாட்டுல போடுங்களேன்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"எடது பக்கமா, வலது பக்கமாவே?" என்று இன்னொருவர் கேட்டார். சிரிப்பு வந்து, சாவு வீடு என்று நினைவு வந்து அடங்கியது.

விஜயஸ்ரீ காலித் தம்ளர்களோடு அடுப்படிக்கு வந்தாள். "எக்கா, கடுங்காப்பி குடிச்சா கையெழுத்து வந்துரும்னா சொல்லுங்க, இன்னும் ஒரு அண்டா போடுதேன். குடிக்கதுல மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

மணி பன்னிரண்டே முக்கால். பெர்சிஸ் அழவில்லை. அழுவதற்கு இடம் கிடைக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். உள்ளறையில் நேற்றைய சட்டை கொடியில் கிடந்தது. பையிலிருந்து எடுத்த இரண்டு தாள்களும் அவள் இடுப்பில் சொருகியிருந்தன. கதவைச் சாய்த்துக்கொண்டு பிரித்தாள்.

மில்லில் வாசிக்க வேண்டியது, சாய்ந்த பொடி எழுத்தில்: "தனியாக வசிக்கும் ஒரு சகோதரிக்கு மார்பில் கட்டி. வியாழன் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது. முடிவு நல்லதாக வர. பயம் நீங்க."

பள்ளிக்கூடத்தில் வாசிக்க வேண்டியது: "இரண்டு முறை கருக்கலைந்த ஒரு மகளுக்கு ஏழாம் மாதம் முடிகிறது. தாயும் பிள்ளையும் காக்கப்பட. தகப்பனுக்குத் தூக்கம் வர."

தகப்பனுக்குத் தூக்கம் வர. ரிச்சர்ட் அத்தானிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். மகள் ஷீபா வீட்டுக்கு வந்து நாலு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அவன் மனைவி அதை யாரிடமும் பேசுவதில்லை, கண்பட்டுவிடும் என்று. டீச்சரும் அப்படித்தான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே பஸ்ஸில் போய்த் தனியாகவே வந்திருக்கிறார்கள்.

ஜெசி உள்ளே வந்து அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எது எங்கே, எத்தனை நாளாக வாசித்தது என்று பெர்சிஸ் சொன்னதும் அவளுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அம்மா, இது டீச்சரா? இது நம்ம ஷீபாவா? அப்ப நேராப் போயி சொல்லிருங்கம்மா. மாமா, நீங்க மூணு வாரமா யாருக்கு ஜெபம் பண்ணுனிய தெரியுமா, இவியளுக்குத்தான்னு. அடுத்த நிமிஷம் போடுவாவ."

பெர்சிஸுக்கும் அதுதான் வாயில் வந்து நின்றது. சொன்னால் முடிந்துவிடும். போன ஞாயிறு இந்தச் சகோதரிக்காக ரிச்சர்ட் உமித்தூசியில் முழங்கால்போட்டு, குரல் உடைந்து ஜெபித்ததை அவளே பார்த்தாள். அதைச் சொன்னாலே போதும்.

ஆனால் இரண்டு தெருவுக்கும் நடுவில் வைத்து டீச்சரின் மார்பையும் ஷீபாவின் வயிற்றையும் பேசுவதா?

"ஒங்க அப்பா பதினாலு மாசமா ஒரு பேரு சொல்லல. அவிய இன்னும் வீட்டுக்குள்ளதான் கெடக்காவ, ஜெசி. அதுக்குள்ள நான் சொல்லவா?"

"அப்ப பாதி ஊருதான் வரும்."

"வரட்டும்" என்றாள் பெர்சிஸ். சொன்னாளே தவிர, வரட்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கதவிடுக்கு வழியே வேதமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். அவர் உயிரோடு இருந்தபோதும் அவசரத்துக்குப் பதில் கிடைக்கிற ஆள் இல்லை.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். இடைவெளியின் நடுவில் நின்றாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. ஆராதன எப்பவும்போல ரெண்டு எடத்துலயும் இருக்கும். அவிய கொண்டு வர வேண்டிய ஜெப விண்ணப்பம் ரெண்டும் எழுதி வச்சுட்டுத்தான் போயிருக்காவ. நான் நாளைக்கு வர முடியாது. அதான் இப்பமே தாரேன்."

ஒரு தாளைத் தம்பியிடம் கொடுத்தாள். மற்றதை டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் வலதுகையால் மட்டும் வாங்கினார்கள். இடதுகை அக்குளோடு ஒட்டியிருந்தது. குடையைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஒரு கையாலேயே கண்ணாடியைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ரிச்சர்ட் வாசித்தான். "இந்தச் சகோதரிக்குத்தான் நாம மூணு வாரமா ஜெபம் பண்ணுதோம். இது யாரு அக்கா? நம்ம தெருவுல இப்படி யாரும் இருக்கதா எனக்குத் தெரியலையே."

"நம்ம தெருன்னு யாரு சொன்னா?"

அவன் அக்காவைப் பார்த்தான்.

"அவிய எந்தத் தெருன்னு எழுதலையே, தம்பி."

ரிச்சர்ட் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்புறம் நாட்காட்டித் தேதிதான் இருந்தது. மறுபடி இந்தப் பக்கம் திருப்பி வாசித்தான். தனியாக வசிக்கும் என்ற இடத்தில் அவன் கண் நின்றது. ஊரில் தனியாக வசிக்கிற சகோதரிகள் எத்தனை பேர்? அவன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியும்.

அந்தப் பக்கம் டீச்சர் வாசித்து முடித்துத் தாளை நாலாக மடித்தார்கள். மடித்துக் கைக்குட்டைக்குள் வைத்தார்கள். இந்த மகளுக்காக நாலு மாதமாகப் பள்ளிக்கூடத்தில் ஜெபித்தவர்கள் அவர்கள்தான். அக்காவும் தம்பியும் பேசியது அவர்கள் காதிலும் விழுந்திருந்தது; ரிச்சர்டின் மகள் ஊருக்கு வந்து வெளியே தலைகாட்டாததும் அவர்களுக்குத் தெரியும். கடைசியில் பெர்சிஸைப் பார்த்துத்தான் கேட்டார்கள். ஆனால் கொஞ்சம் சத்தமாக, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி.

"எட்டாம் மாசம் என்னைக்குப் பொறக்கு?"

"வார புதன்கிழம, டீச்சர்."

"எட்டு பொறந்துட்டா அப்புறம் பயமில்ல. இருந்தாலும் படி ஏற வேண்டாம்னு சொல்லணும்."

ரிச்சர்ட் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் மனைவி பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாருக்கு என்னவாம்?" என்று ஒரு ஆள் கேட்டதற்கு, "சும்மா இருவே" என்றான் ரிச்சர்ட், திரும்பாமலே.

டீச்சர் கையை நீட்டினார்கள். "பேனா குடு, ஜெசி."

ஜெசி ஓடிவந்து தாளையும் பேனாவையும் கொடுத்தாள். அட்டை இல்லாமல் மடியில் வைத்து எழுதினார்கள். தாளைப் பிடிக்க இடதுகை வரவில்லை. தாள் நழுவியது. ஜெசி குனிந்து பிடித்துக்கொண்டாள். ஜெ. ஜெபராணி என்று முழுசாக, பாதித் தாளுக்குக் கீழே, மேலே நிறைய இடம் விட்டு.

தாள் ரிச்சர்டிடம் வந்தது. மேலே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். யார் விட்ட இடம், எதற்கு விட்ட இடம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. பிறகு டீச்சரின் பெயருக்குக் கீழே, ஓரமாகப் போட்டான்.

ஒரு மணி ஐம்பதுக்கு ஜெசி போட்டோ எடுத்து அனுப்பினாள். இரண்டு நீல டிக் வந்ததும் "வாராவ" என்றாள். அப்போதுதான் பெர்சிஸ் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். விஜயஸ்ரீ அவளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அதன்பிறகு அழுதாள், ஒருமணி நேரம் யாரும் அவளைத் தேற்றப் போகவில்லை.

கையெழுத்துப் போட்டதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியைத் தூக்கும்போது முன்னால் யார் பிடிப்பது என்று பார்வையிலேயே ஒரு சண்டை நடந்தது. ரிச்சர்டும் டீச்சரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டிய கோயில் வாசல் வந்தபோது நிற்கக்கூடாது என்று ஐயர் முன்னமே சொல்லியிருந்தார், வழக்கில் இருக்கிற இடம். நிற்கவில்லை. ஆனால் தூக்கியவர்களின் நடை அந்த இடத்தில் தானாகவே மெதுவானது. அவ்வளவு மெதுவாக நடந்தால் அது நின்றதாகாதா என்று ஐயர் கேட்கவில்லை. மழையில் அரக்கு வெளுத்து, பூட்டுத் துருப்பிடித்திருந்தது.

கல்லறைத் தோட்டம் வாய்க்காலுக்கு அக்கரையில். கார் சாகுபடிக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் வாய்க்கால் நிறையப் போய்க்கொண்டிருந்தது. குழி வெட்டிய ஆவுடைநாயகம் பக்கத்துக் கிராமத்துக்காரர், இந்தத் தோட்டத்தில் இருபது வருஷமாக அவர்தான் வெட்டுவது. "ரெண்டு பக்கமும் ஆளு நிக்கிற மாதிரி மண்ண ஒரே பக்கமா அள்ளாம தலமாட்டுல போட்டிருக்கேன்மா" என்று பெர்சிஸிடம் சொன்னார். கேட்காமலே செய்திருந்தார்.

குழிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்காரர்கள், இந்தப் பக்கம் மில்லுக்காரர்கள். ஐயர் வாசித்து, மண் போட்டு, ஜெபித்து முடித்தார். "கடைசியா ஒரு பாட்டுப் பாடுவோம்" என்று சாவுக்கு எல்லாரும் பாடுகிற பாட்டின் எண்ணைச் சொன்னார். புத்தகம் பார்க்காமலே ஊருக்குத் தெரிந்த பாட்டு.

இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். இரண்டாம் அடியிலேயே பிரிந்துவிட்டது. பதினாலு மாதம் மில்லில் தப்லாவும் கீபோர்டும் வைத்துப் பாடியதில் அவர்கள் ஓட்டம் கூடியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியம் ஒன்றும் கிடையாது. டீச்சரின் குரலுக்குப் பின்னால் இழுத்து இழுத்துப் பாடிப் பழகியிருந்தார்கள். ஒரே பாட்டு இரண்டு பாட்டாகக் கேட்டது. ஐயர் யாரோடு சேர்வது என்று தெரியாமல் உதட்டை மட்டும் அசைத்தார். ஜெசிக்குச் சங்கடமாக இருந்தது. பெர்சிஸ் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் சரணத்தில் மில்லுக்காரர்கள் வெகுதூரம் முந்திவிட்டார்கள். முடித்தும்விட்டார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் மண் தள்ளக் குனிந்தார்கள். பாட்டு முடிந்தது என்று நினைத்து ஆவுடைநாயகமும் மண்வெட்டியை எடுத்தார்.

"இருங்க அண்ணாச்சி" என்றான் ரிச்சர்ட். "அவிய இன்னும் முடிக்கல."

ஆவுடைநாயகம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மில்லுக்காரர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு வாய்மூடி நின்றார்கள். குழிக்கு அந்தப் பக்கம் டீச்சர் கண்ணை மூடியபடி, யாரும் காத்திருக்கிறார்கள் என்பது தெரியாமல், இன்னும் இரண்டு அடி பாக்கியிருந்த பாட்டை அவசரமில்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள்.